சார்காய்டோசிஸ் சிறுநீரகத்தைத் தொடும்போது: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

நோய் எதிர்ப்பு அணுக்கள் உறுப்புகளில் நுண்ணிய கட்டிகளாகத் திரளும் சார்காய்டோசிஸ் என்னும் நோய் நுரையீரலையும் நிணநீர்க் கணுக்களையும் எப்படிப் பாதிக்கிறது என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் சிறுநீரகம் பற்றிய ஐயங்களே மிகுதி. ஒரே பொருளைத் தொட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, சிறுநீரக மருத்துவரின் பதில்களை இங்கே தருகிறோம். எழுதியவர்களின் பெயர்களும் அடையாளங்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

எனக்கு நுரையீரலில் சார்காய்டோசிஸ் இருப்பது பயாப்ஸியில் உறுதியாகியுள்ளது. சிறுநீர் கழிப்பதில் தொந்தரவு ஏதுமில்லை, கால் வீக்கமும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டும் கழிவு; வடிகட்டும் திறன் குறைந்தால் ரத்தத்தில் உயரும்), கால்சியம், சிறுநீர்ப் பரிசோதனை என்று எழுதித் தருகிறார்கள். நுரையீரல் நோய்க்கு இவை எதற்கு?

தொந்தரவு இல்லை என்பதாலேயே இவை தேவைப்படுகின்றன. சார்காய்டோசிஸ் நோயாளியின் சிறுநீரகம் கெடும்போது பெரும்பாலும் வலி இருக்காது, வீக்கம் இருக்காது, சிறுநீரின் நிறமும் மாறாது. இருமலும் மூச்சுத்திணறலும் நுரையீரலைக் காட்டிக்கொடுப்பது போல இங்கே காட்டிக்கொடுக்க ஏதுமில்லாததால், நாமாகத் தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

இந்த நோயில் உடலின் நோய் எதிர்ப்பு அணுக்கள் திரண்டு கிரானுலோமா எனப்படும் நுண்ணிய கட்டிகளாக உறுப்புகளில் படிகின்றன. சிறுநீரகத்துக்கு அவற்றால் இரண்டு வழிகளில் தீங்கு வருகிறது. கட்டிகளும் அவற்றைச் சுற்றிய அழற்சியும் சிறுநீரகத் திசுவுக்குள்ளேயே, குறிப்பாக நுண்குழல்களுக்கு இடைப்பட்ட பகுதியில் உண்டாவது ஒரு வழி. உடலில் வேறெங்கோ இருக்கும் கட்டிகள் வைட்டமின் டியின் செயல்படும் வடிவத்தை அளவுக்கு மீறி உற்பத்தி செய்ய, அதனால் ரத்தத்திலும் சிறுநீரிலும் கால்சியம் பெருகிச் சிறுநீரகத்தைக் கெடுப்பது மற்றொன்று. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்தும் வரலாம், ஒன்று மட்டும் வரலாம். ஆகவே கிரியாட்டினின் சரியாக இருக்கிறது என்பதற்காகக் கால்சியத்தையோ, கால்சியம் சரியாக இருக்கிறது என்பதற்காகக் கிரியாட்டினினையோ விட்டுவிட முடியாது.

அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல், சார்காய்டோசிஸ் என்று தெரிந்தவுடனேயே, அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ரத்தக் கால்சியத்தைப் பார்க்க வேண்டும் என்று அழுத்தமாகப் பரிந்துரைக்கிறது. கிரியாட்டினினைப் பார்ப்பதையும் அது பரிந்துரைக்கிறது, ஆனால் அந்த அளவு அழுத்தத்துடன் அல்ல. என்னைக் கேட்டால் இவ்விரண்டோடு எளிய சிறுநீர்ப் பரிசோதனையையும், ஒரே வேளையில் எடுத்த சிறுநீரில் புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தையும் சேர்த்துக்கொள்வேன். நோய் அமைதியாக இருக்கும்வரை ஆண்டுக்கு ஓரிரு முறை பார்த்தால் போதும்.

முடிவுகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கிரியாட்டினின் இயல்பு எல்லைக்குள் இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. 0.7 ஆக இருந்தது ஓராண்டில் 1.1 ஆகியிருந்தால், பரிசோதனைக்கூடத்தின் தாளில் அது இயல்பு என்றே அச்சாகியிருக்கும். ஆனால் வடிகட்டும் திறனில் கணிசமான பகுதி குறைந்திருக்கக்கூடும். பழைய அறிக்கைகளைத் தூக்கி எறியாமல் தேதி வாரியாக ஒரே கோப்பில் வைத்து ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒற்றை எண் சொல்லாததை வரிசை சொல்லும்.

ரத்தத்தில் கால்சியம் 11.2 மி.கி. இருக்கிறது. ஆனால் வைட்டமின் டி மிகக் குறைவு என்று அறிக்கை வந்தது. ஒரு மருத்துவர் வாரம் ஒரு முறை சாப்பிட அதிக அளவு வைட்டமின் டி எழுதிக் கொடுத்தார். சார்காய்டோசிஸுக்குப் பார்க்கும் மருத்துவரோ அதை உடனே நிறுத்தச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

நிறுத்தச் சொன்னவர் சொல்வதே சரி. இந்தக் குழப்பம் மிகவும் பரவலானது என்பதால் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஆய்வுக்கூடங்கள் வழக்கமாக அளப்பது 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி. இது உடலின் சேமிப்பு வடிவம். இதற்கென்று பெரிய செயல்பாடு இல்லை. சிறுநீரகத்தில் உள்ள ஒரு நொதி இதை 1,25-டைஹைட்ராக்ஸி வைட்டமின் டியாக மாற்றிய பிறகுதான் அது குடலிலிருந்து கால்சியத்தை உறிஞ்சும் வேலையைத் தொடங்குகிறது. இயல்பான உடலில் அந்த நொதிக்குக் கடிவாளம் உண்டு. கால்சியம் உயர்ந்தால், கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பியிலிருந்து வரும் பாராதைராய்டு ஹார்மோன் குறையும், அதனால் நொதியின் வேகமும் குறையும். சார்காய்டோசிஸ் கட்டிகளில் உள்ள மேக்ரோஃபேஜ் எனப்படும் நோய் எதிர்ப்பு அணுக்களிலும் இதே நொதி இருக்கிறது. ஆனால் அது இந்தக் கடிவாளத்துக்குக் கட்டுப்படுவதில்லை. சேமிப்பு வடிவம் எவ்வளவு கிடைத்தாலும் அதை மாற்றிக்கொண்டே இருக்கும். இரு சிறுநீரகங்களும் இல்லாத ஒரு சார்காய்டோசிஸ் நோயாளிக்குக் கால்சியமும் செயல்படும் வைட்டமின் டியும் உயர்ந்திருந்தன என்ற செய்தி 1981இல் வெளியானபோது, இந்த மாற்றம் சிறுநீரகத்துக்கு வெளியே நடக்கிறது என்பதில் ஐயத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

இப்போது உங்கள் அறிக்கையைப் பாருங்கள். சேமிப்பு வடிவம் குறைந்திருப்பது நீங்கள் வைட்டமின் டி கிடைக்காமல் வாடுவதால் அன்று. கிடைப்பதையெல்லாம் கட்டிகள் செயல்படும் வடிவமாக மாற்றிவிடுவதாலேயே இருக்கலாம். அந்த நிலையில் வைட்டமின் டி கொடுப்பது எரிகிற அடுப்பில் மேலும் விறகைச் செருகுவது. ஆகையால் சார்காய்டோசிஸ் உள்ளவருக்கு வைட்டமின் டி தேவையா என்று முடிவு செய்யும் முன் இரண்டு வடிவங்களையும், அவற்றோடு பாராதைராய்டு ஹார்மோனையும் பார்க்க வேண்டும். 25 குறைந்து, 1,25 உயர்ந்து, பாராதைராய்டு ஹார்மோன் அடங்கியிருந்தால் கால்சியம் உயர்வுக்குச் சார்காய்டோசிஸே காரணம் என்று பெரும்பாலும் கொள்ளலாம். பாராதைராய்டு ஹார்மோன் அடங்காமல் இயல்பாகவோ உயர்ந்தோ இருந்தால் அந்தச் சுரப்பியிலேயே வேறொரு கோளாறு இருக்கிறதா என்று தேட வேண்டும். சார்காய்டோசிஸ் இருப்பவருக்கு வேறு நோய் வரக்கூடாது என்று விதி ஒன்றும் இல்லை. சிறுநீரகம் ஏற்கெனவே நலிந்தவருக்கு 1,25 வடிவம் இயற்கையாகவே குறைந்திருக்க வேண்டும் என்பதால், கால்சியம் உயர்ந்த நிலையில் அது வெறும் இயல்பு அளவில் இருப்பதுகூடச் சந்தேகத்துக்கு உரியது.

உயர்ந்த கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் விதமும் ஒன்றல்ல. வடிகட்டிக்கு வரும் ரத்தக் குழாயை அது சுருக்குகிறது. நீரைச் சேமிக்கும் திறனைக் குலைத்து அடிக்கடி சிறுநீர் போகச் செய்கிறது, அதனால் உடல் வறண்டு வடிகட்டும் திறன் மேலும் குறைகிறது. நாள்பட்டால் கால்சியம் சிறுநீரகத் திசுவிலேயே படிந்துவிடுகிறது. முதல் இரண்டும் கால்சியம் இறங்கியதும் பெரும்பாலும் சரியாகிவிடும், மூன்றாவது அப்படி அன்று. காலம் தாழ்த்த வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மருத்துவர் சொல்லும்வரை வைட்டமின் டி, கால்சியம் அடங்கிய மாத்திரைகளையும், சத்து மாத்திரை என்ற பெயரில் அவற்றைச் சேர்த்து விற்கும் கலவைகளையும் தவிர்த்துவிடுங்கள். நெடுநேரம் வெயில் காய்வதும் கூடாது. தோலில் உருவாகும் வைட்டமின் டியும் அதே கட்டிகளுக்குத்தான் போய்ச் சேரும். ரத்த அழுத்தத்துக்காகத் தயாசைடு வகை நீர்மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், அது கால்சியத்தைச் சிறுநீரில் வெளியேற விடாமல் தடுக்கும். இதயமோ சிறுநீரகமோ காரணமாக நீர்க்கட்டுப்பாடு சொல்லப்படாதவராக இருந்தால் தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். கடும் தாகம், ஓயாத வாந்தி, மலச்சிக்கல், மந்தம், குழப்பம் ஆகியவை தோன்றினால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்கக் கூடாது. கால்சியம் 14 மி.கி.யைத் தாண்டினால் அது மருத்துவமனையில் சேர்த்துப் பார்க்க வேண்டிய அவசர நிலை.

ரத்தத்தில் உள்ள கால்சியத்தில் ஏறக்குறையப் பாதி அல்புமின் முதலிய புரதங்களோடு ஒட்டியிருப்பது. அல்புமின் குறைந்தவர்களுக்குக் கால்சியம் உண்மையைவிடக் குறைவாகத் தோன்றும். அல்புமின் 4 கிராமுக்குக் கீழே ஒவ்வொரு கிராம் குறைவுக்கும் 0.8 மி.கி. கூட்டிக் கணக்கிடுவது வழக்கம். அறிக்கையில் கால்சியம் 10.0, அல்புமின் 3.0 என்றிருந்தால் திருத்திய அளவு 10.8 ஆகும், பலருக்கு அது எல்லையைத் தாண்டியது. ஐயம் இருந்தால், புரதத்தோடு ஒட்டாத அயனிக் கால்சியத்தை நேரடியாக அளந்துவிடுவதே நல்லது.

ரத்தத்தில் கால்சியம் இயல்பாகவே இருக்கும்போது 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துக் கொண்டுவரச் சொல்கிறார்கள். இவ்வளவு சிரமம் வேண்டுமா? எனக்கு இரண்டு முறை சிறுநீரகக் கல் வந்திருக்கிறது.

கல் வந்திருக்கிறது என்பதாலேயே வேண்டும். குடல் அளவுக்கு மீறி உறிஞ்சும் கால்சியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றிக்கொண்டே இருக்கும்வரை ரத்த அளவு உயராது. சிறுநீரில்தான் அது முதலில் தெரியும். ரத்தக் கால்சியம் உயர்வது சார்காய்டோசிஸ் உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் ஐந்து முதல் பத்துப் பேருக்கு என்றால், சிறுநீரில் மட்டும் மிகுவது அதைவிடப் பல மடங்கு அதிகமானவர்களுக்கு. சிலருக்கு மற்ற அறிகுறிகள் எதுவும் வருமுன்பே கல்தான் நோயின் முதல் அறிவிப்பாக இருந்திருக்கிறது. வழக்கமாக ஆண்களுக்கு ஒரு நாளில் 300 மி.கி.க்கும் பெண்களுக்கு 250 மி.கி.க்கும் மேல் போனால் அதிகம் என்று கொள்கிறோம்.

சேகரிப்பில் தவறு நேர்ந்தால் முடிவு பயனற்றுப் போகும். காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் பகலிலும் இரவிலும் கழிக்கும் ஒவ்வொரு துளியையும் கலனில் சேர்த்து, மறுநாள் அதே நேரத்தில் கழிப்பதையும் சேர்த்து முடிக்க வேண்டும். அதே கலனில் கிரியாட்டினினையும் அளக்கச் சொன்னால் சேகரிப்பு முழுமையானதா என்று மருத்துவரால் ஊகிக்க முடியும். அன்றைய நாளில் வழக்கமான உணவையே உண்ணுங்கள். பரிசோதனைக்காகப் பத்தியம் இருந்தால் உங்கள் இயல்பு நிலை தெரியாமல் போய்விடும்.

கல் வந்தவர்கள் கால்சியம் உள்ள உணவை அடியோடு நிறுத்திவிடுவது உண்டு. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது: குடலில் கால்சியம் இல்லாவிட்டால் உணவில் உள்ள ஆக்சலேட் என்னும் உப்பு கூடுதலாக உறிஞ்சப்படும், அதுவும் கல்லுக்கு வித்தாகும். எவ்வளவு குறைப்பது என்பதை உணவியல் வல்லுநரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

ஆறு மாதங்களில் என் கணவரின் கிரியாட்டினின் 0.9இலிருந்து 1.8 ஆகிவிட்டது. அல்ட்ராசவுண்டில் சிறுநீரகங்கள் நன்றாக இருக்கின்றன என்றார்கள். சிறுநீரில் புரதம் மிகச் சிறிதளவே. சில வெள்ளணுக்கள் இருந்தன, கிருமி வளரவில்லை. கால்சியமும் இயல்பு. சிறுநீரக பயாப்ஸி செய்ய வேண்டும் என்கிறார்கள். சென்ற ஆண்டே நுரையீரல் பயாப்ஸியில் சார்காய்டோசிஸ் என்று தெரிந்துவிட்டதே, மறுபடியும் எதற்கு ஊசி?

உங்கள் தயக்கம் புரிகிறது. இருந்தாலும் மருத்துவர்களின் யோசனையோடு நான் உடன்படுகிறேன்.

கிரியாட்டினின் இரு மடங்கானால் வடிகட்டும் திறன் ஏறக்குறையப் பாதியாகியிருக்கிறது என்று பொருள். கால்சியம் இயல்பாக இருப்பதால் அந்தப் பக்கக் காரணம் பெரும்பாலும் விலகிவிடுகிறது. எஞ்சுவது சிறுநீரகத் திசுவில் அழற்சி. நீங்கள் விவரித்திருப்பதும் அந்த அழற்சியின் வழக்கமான சாயலே: புரதம் கொஞ்சம், கிருமியில்லாத வெள்ளணுக்கள், அல்ட்ராசவுண்டில் குறிப்பிடும்படியாக ஏதுமில்லை. சிலருக்கு ரத்தச் சர்க்கரை சரியாக இருக்கும்போதே சிறுநீரில் மட்டும் சர்க்கரை தென்படும். நுண்குழல்கள் பழுதுபட்டதன் அடையாளம் அது. அல்ட்ராசவுண்டில் நன்றாக இருக்கிறது என்ற சொற்றொடரைப் பற்றி ஒரு குறிப்பு: அந்தப் பரிசோதனை அடைப்பு, கல், அளவு, வடிவம் ஆகியவற்றைச் சொல்லும், திசுவுக்குள் அணுக்கள் என்ன செய்கின்றன என்று சொல்லாது. சார்காய்டோசிஸில் வயிற்றின் பின்புற நிணநீர்க் கணுக்கள் பெருத்துச் சிறுநீர்க் குழாயை நெருக்குவதும் உண்டு, ஆனால் அரிது. அது இல்லை என்று காட்டியதே அந்த அல்ட்ராசவுண்டின் பயன்.

அழற்சி இருக்கிறது என்பதும் அது சார்காய்டோசிஸால் வந்தது என்பதும் வெவ்வேறு முடிவுகள். சார்காய்டோசிஸ் நோயாளிக்கு வேறு காரணங்களாலும் இதே அழற்சி வரலாம். வலிக்காக எடுத்த ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை, வயிற்று அமிலத்துக்கான ஒமெப்ரசோல் வகை மருந்துகள், சில ஆன்டிபயாட்டிக்குகள் ஆகிய எல்லாமே இதைத் தோற்றுவிக்கக்கூடியவை; சில வேளைகளில் மருந்தால் வரும் அழற்சியிலும் கிரானுலோமா காணப்படும். உங்கள் கணவர் கடந்த ஓராண்டில் உட்கொண்ட ஒவ்வொரு மருந்தையும், கடையில் தாமாக வாங்கியவற்றையும் மூலிகைத் தயாரிப்புகளையும் விடாமல், எழுதிக்கொண்டு போங்கள். பல வேளைகளில் விலையுயர்ந்த பரிசோதனைகள் தராத விடையை அந்தப் பட்டியல் தருகிறது.

இவற்றைவிட முக்கியமானது காசநோய். அதுவும் கிரானுலோமாவை உண்டாக்கும். அதிலும் சிறுநீரில் வெள்ளணுக்கள் இருந்து வழக்கமான கல்ச்சரில் கிருமி வளராமல் போகும். சார்காய்டோசிஸ் என்று எண்ணி ஸ்டீராய்டு மட்டும் கொடுத்துவிட்டால், உள்ளே இருக்கும் காசநோய்க் கிருமி கட்டவிழ்ந்து பரவும். எனவே தொடர்ந்து மூன்று நாள்கள் அதிகாலைச் சிறுநீரைக் காசநோய்க்கான கல்ச்சருக்கு அனுப்புவதும், பயாப்ஸித் திசுவில் அந்தக் கிருமிக்கும் பூஞ்சைக்கும் உரிய சாயப் பரிசோதனை செய்வதும் சம்பிரதாயத்துக்காக அல்ல. சார்காய்டோசிஸில் காணும் கட்டிகளின் நடுவில் பாலாடைக்கட்டி போன்ற சிதைவு வழக்கமாக இராது என்பது ஓர் உதவிக் குறிப்பு. காசநோயிலும் சில கட்டிகள் அப்படி இருக்கக்கூடும் என்பதால் அதை மட்டும் நம்புவதில்லை.

பயாப்ஸியால் கிடைக்கும் இன்னொரு தகவல், எவ்வளவு திசு இன்னும் அழற்சி நிலையில் இருக்கிறது, எவ்வளவு தழும்பாகிவிட்டது என்பது. அழற்சி மருந்துக்கு இறங்கும், தழும்பு இறங்காது. பல மாதங்களுக்கு ஸ்டீராய்டு கொடுக்கப் போகும் முன் எவ்வளவு மீட்சியை எதிர்பார்க்கலாம் என்று தெரிவது நோயாளிக்கும் மருத்துவருக்கும் பெரிய உதவி.

செய்முறை நீங்கள் அஞ்சும் அளவுக்குக் கடினமானதன்று. குப்புறப் படுக்க வைத்து, முதுகில் மரத்துப்போக ஊசி போட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே மெல்லிய ஊசியால் நூல் போன்ற இரண்டு மூன்று துண்டுகளை எடுப்பார்கள். பிறகு பல மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். முக்கிய ஆபத்து ரத்தக் கசிவு. சிலருக்குச் சிறுநீர் சிவந்து போய்த் தானே தெளியும். ரத்தம் ஏற்ற வேண்டிய அளவுக்குப் போவது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவராக இருந்தால் எப்போது நிறுத்துவது என்பதை அதை எழுதிய மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கட்டிகள் திசு முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை. எடுத்த துண்டில் அழற்சி மட்டும் இருந்து கிரானுலோமா தென்படாமல் போகலாம். அப்படி வந்தால் சார்காய்டோசிஸ் இல்லை என்று ஆகிவிடாது. மற்ற உறுப்புகளின் நிலை, மருந்து வரலாறு, காசநோய்ப் பரிசோதனைகள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் முடிவுக்கு வருவோம்.

ரத்தத்தில் ஏ.சி.இ. என்ற நொதியின் அளவைப் பார்த்தாலே சார்காய்டோசிஸ் தெரிந்துவிடும் என்கிறார்களே? அல்லது பெட் ஸ்கேன் எடுத்தால் பயாப்ஸியைத் தவிர்க்க முடியாதா?

முடியாது. ஏ.சி.இ. நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் மூவருக்குத்தான் உயர்கிறது. வேறு பல நோய்களிலும் உயர்கிறது. பிறவியிலேயே அதன் அளவு ஆளுக்கு ஆள் மாறுபடுகிறது. ரத்த அழுத்தத்துக்காக எனலாப்ரில், ராமிப்ரில் எடுப்பவர்களுக்குச் செயற்கையாகக் குறைந்துவிடுகிறது. நோய் இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி அந்த எண்ணுக்கு இல்லை.

பெட் ஸ்கேனில் பயன்படுத்தும் கதிரியக்கச் சர்க்கரை சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால் நோயில்லாத சிறுநீரகமும் அதில் ஒளிரும். மற்ற உறுப்புகளில் எங்கே நோய் மும்முரமாக இருக்கிறது, எங்கிருந்து எளிதாகத் திசு எடுக்கலாம் என்று காட்டுவதில் அது சிறந்தது. சிறுநீரகத்தைப் பற்றி அது சொல்வதை எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சிறுநீரில் நுரை அதிகம் போகிறது, புரதம் நாளொன்றுக்கு 4 கிராம் என்கிறார்கள். இதுவும் சார்காய்டோசிஸ்தானா?

மேலே சொன்ன இடைத்திசு அழற்சியில் புரதம் பெரும்பாலும் ஒரு கிராமுக்குள் நிற்கும். 4 கிராம் என்பது வடிகட்டியே பழுதுபட்டிருப்பதைக் காட்டுகிறது. சார்காய்டோசிஸோடு சேர்ந்து மெம்பிரேனஸ் நெஃப்ரோபதி போன்ற வடிகட்டி நோய்கள் அரிதாக வருவதுண்டு. நெடுநாள் அழற்சியால் அமிலாய்டு என்னும் புரதம் படிவதும் மிக அரிதாக உண்டு. ஸ்டீராய்டால் தோன்றிய நீரிழிவும் நாளடைவில் புரதத்தை ஒழுகவிடும். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு என்பதால் உங்களுக்குப் பயாப்ஸியைத் தள்ளிப்போட வேண்டாம்.

சிறுநீரக சார்காய்டோசிஸ் என்று உறுதியாகி நான்கு மாதங்களாகப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு எடுக்கிறேன். கிரியாட்டினின் 2.6இலிருந்து 1.5க்கு வந்து அங்கேயே நிற்கிறது. இன்னும் குறையுமா? எவ்வளவு நாளைக்கு ஒரு முறை பரிசோதிக்க வேண்டும்? எலும்புக்குக் கால்சியம் மாத்திரை மட்டும் ஏன் தர மறுக்கிறார்கள்?

மருந்துக்கு நீங்கள் நன்றாகவே இணங்கியிருக்கிறீர்கள். இந்த அழற்சியில் ஸ்டீராய்டின் பலன் முதல் சில வாரங்களிலேயே தெரிந்துவிடும். பிரான்ஸில் 47 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், முதல் மாத முடிவில் முழுப் பலன் கண்டவர்களே ஓராண்டு முடிவிலும் நல்ல நிலையில் இருப்பதற்கு மிகுந்த வாய்ப்பு உள்ளவர்கள் என்று தெரியவந்தது. நான்காவது மாதத்தில் ஓரிடத்தில் நிலைத்துவிட்ட கிரியாட்டினின் பெரும்பாலும் தழும்பின் கணக்கு. மேலும் சிறிது இறங்கலாம், 0.8க்குத் திரும்பும் என்று வாக்குறுதி தர மாட்டேன். அதைத் துரத்திக்கொண்டு ஸ்டீராய்டைக் கூட்டுவதில் பயனில்லை. எலும்பும் சர்க்கரையும் கண்ணும்தான் விலை கொடுக்கும். சிறுநீரில் வெள்ளணுக்கள் தொடர்வது, வேறு உறுப்புகளில் நோய் மும்முரமாக இருப்பது போன்ற அடையாளங்கள் இருந்தால் மட்டும் அழற்சி மிச்சமிருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் அசதையோப்ரின், மைக்கோஃபினோலேட் போன்ற, நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளைச் சேர்த்து ஸ்டீராய்டைக் குறைக்கலாம். மெத்தோட்ரெக்சேட் சிறுநீரகம் வழியே வெளியேறுவதால் வடிகட்டும் திறன் குறைந்தவர்களுக்கு அதில் மிகுந்த கவனம் வேண்டும்.

பரிசோதனை இடைவெளியைப் பொறுத்தவரை, சிகிச்சை தொடங்கிய முதல் மாதத்தில் ஒன்றிரண்டு வாரங்களுக்கு ஒரு முறையும், பிறகு மாதம் ஒரு முறையும், நிலைத்த பின் மூன்று மாதங்களுக்கு ஒரு முறையும் பார்ப்பது என் வழக்கம். ஸ்டீராய்டைக் குறைக்கும் ஒவ்வொரு படியிலும் இடைவெளியை மறுபடி சுருக்கிவிடுவேன், ஏனெனில் நோய் திரும்புவது பெரும்பாலும் குறைக்கும்போதுதான். மாத்திரையை முழுமையாக நிறுத்திய பிறகும் சில ஆண்டுகள் இந்தக் கண்காணிப்பு தேவை. நிறுத்தியதோடு பரிசோதனைக்கு வருவதையும் நிறுத்திவிடுகிறவர்களைத்தான் பிறகு மோசமான நிலையில் பார்க்க நேர்கிறது. ஒவ்வொரு முறையும் கிரியாட்டினின், கால்சியம், அல்புமின், பொட்டாசியம், பைகார்பனேட், சர்க்கரை, சிறுநீர்ப் புரத விகிதம் ஆகியவற்றையும், வீட்டிலோ மருத்துவமனையிலோ எடுத்த ரத்த அழுத்தத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

கால்சியம் உயர்ந்திருந்தவர்களுக்கு ஸ்டீராய்டு தொடங்கிய சில நாள்களிலேயே அது இறங்கத் தொடங்கும். இரண்டு வாரமாகியும் அசையவில்லை என்றால் மருந்தின் அளவைப் பற்றி யோசிக்கும் முன் நோயறிதலையே மறுபடி யோசிக்க வேண்டும். பாராதைராய்டு கோளாறும் லிம்ஃபோமா, மைலோமா போன்ற புற்றுநோய்களும் அந்தப் பட்டியலில் உண்டு.

எண்கள் நம்மை ஏமாற்றும் இடங்களும் உள்ளன. ஸ்டீராய்டால் தசை மெலிந்தவர்களுக்குக் கிரியாட்டினின் குறைந்து, சிறுநீரகம் தேறிவிட்டது போலத் தோன்றும். அதைச் சரிபார்க்க, சிறுநீரகம் வடிகட்டும் இன்னொரு பொருளான சிஸ்டாட்டின் சி பார்க்கலாமே என்றால், ஸ்டீராய்டு அதைச் செயற்கையாக உயர்த்திவிடும். தொற்றைத் தடுக்கக் கொடுக்கும் கோட்ரைமாக்சசோல், வடிகட்டும் திறன் மாறாமலேயே கிரியாட்டினினைச் சற்று உயர்த்தும். அதோடு பொட்டாசியத்தையும் கூட்டும் என்பதால் அதைப் புறக்கணிக்கவும் முடியாது. ஆகவே ஓர் எண் திடீரென்று மாறினால், இடையில் எந்த மருந்து சேர்ந்தது, எது நின்றது என்பதை முதலில் கேட்கிறோம்.

எலும்பு பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. ஸ்டீராய்டு எடுக்கும் மற்ற நோயாளிகளுக்குக் கால்சியமும் வைட்டமின் டியும் வழக்கமாகவே தருகிறோம். சார்காய்டோசிஸில் மட்டும் அது கத்திமேல் நடப்பது. ரத்தக் கால்சியம், 24 மணி நேரச் சிறுநீர்க் கால்சியம், வைட்டமின் டியின் இரு வடிவங்கள் ஆகியவற்றைப் பார்த்து, செயல்படும் வடிவம் உயராமல் உண்மையான குறைபாடு இருப்பது தெரிந்தால் சிறிய அளவில் தொடங்கி, சில வாரங்களில் மறுபடி கால்சியத்தைப் பார்ப்போம். இல்லையென்றால் எலும்பு அடர்த்தியை ஸ்கேனில் அளந்து, தேவைப்பட்டால் எலும்புக்கான வேறு மருந்தைத் தருவோம். அந்த மருந்துகளிலும் சில, சிறுநீரகம் நலிந்தவர்களுக்கு ஏற்றவை அல்ல.

ஒரு நாளைக்கு ஐந்து லிட்டருக்கு மேல் சிறுநீர் போகிறது. தாகம் தாங்க முடியவில்லை. கால்சியம் இயல்பு, கிரியாட்டினினும் இயல்பு. இதுவும் சிறுநீரகம்தானா?

முதலில் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள், குறிப்பாக ஸ்டீராய்டு எடுப்பவர் என்றால். அதுவும் சரி என்றால் பிட்யூட்டரிச் சுரப்பியை நினைக்க வேண்டும். சார்காய்டோசிஸ் மூளையின் அடிப்பகுதியைத் தொட்டு, நீரைச் சேமிக்கச் சொல்லும் ஹார்மோனைக் குறைத்துவிடுவது உண்டு. ரத்தச் சோடியம், ரத்த மற்றும் சிறுநீர் அடர்த்தி, தேவைப்பட்டால் பிட்யூட்டரிக்கு எம்.ஆர்.ஐ. என்ற வரிசையில் போக வேண்டும். இடையில் தண்ணீரைக் குறைத்துப் பார்க்கும் சோதனையை வீட்டில் செய்யாதீர்கள். அது மருத்துவமனையில் கண்காணிப்பில் மட்டுமே செய்யத்தக்கது.

என் தாயாருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்து டயாலிசிஸ் நடக்கிறது. சார்காய்டோசிஸ் உள்ளவருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தலாமா? பொருத்தினால் நோய் அதிலும் வருமா?

பொருத்தலாம். நோய் அடங்கியிருக்கும் காலத்தில், இதயத்திலும் நுரையீரலிலும் அதன் பாதிப்பு எவ்வளவு என்று தெரிந்துகொண்ட பிறகு செய்கிறோம். மாற்றுச் சிறுநீரகத்தில் நோய் திரும்ப வந்தது சில நோயாளிகளிடம் பதிவாகியுள்ளது. ஆனால் நிராகரிப்பைத் தடுக்கத் தரும் மருந்துகளில் பல சார்காய்டோசிஸையும் அடக்குபவை. உங்கள் தாயாருக்குச் சிறுநீர் வெளியேறுவது குறைந்திருக்கும் என்பதால், மிகும் கால்சியத்துக்கு அந்த வழி இல்லை. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு வழக்கமாகத் தரும் செயல்படும் வைட்டமின் டி மருந்தும், கால்சியம் கலந்த பாஸ்பேட் கட்டுப்பாட்டு மாத்திரையும் அவருக்குப் பொருந்துமா என்பதை டயாலிசிஸ் பிரிவு மருத்துவரிடம் சார்காய்டோசிஸ் இருப்பதைச் சொல்லிக் கேளுங்கள். பழைய நோய் என்று எண்ணி அந்தப் பிரிவில் யாரும் சொல்லாமல் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.